பழைய சரக்குந்துகளின் பராமரிப்பு

பழைய சரக்குந்துகளின் பராமரிப்பு என்பது, பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த கனரகச் சரக்குந்துகளைச் சோதித்து, தேய்ந்த உறுப்புகளைச் சீர்செய்தோ மாற்றியோ, அவற்றைப் பாதுகாப்பாக ஓடும் நிலையில் வைத்திருக்கும் தொழில் ஆகும். சரக்குந்து பேச்சு வழக்கில் லாரி என அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இத்தொழில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் ஆகிய ஊர்களிலும், பாடி முதல் அம்பத்தூர், அண்ணனூர், ஆவடி வரை நீளும் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியிலும் வேரூன்றியுள்ளது. ஒரு பழைய சரக்குந்தில் எந்த உறுப்பைப் புதுப்பிக்கலாம், எதைக் கட்டாயம் கழித்துவிட வேண்டும் என்பதைப் பிரித்தறிவதே இத்தொழிலின் அடிப்படை. இதில் ஏற்படும் பிழை வண்டியின் உரிமையாளருக்குப் பண இழப்பாக முடியலாம். சாலையில் செல்வோருக்கு உயிரிழப்பாகவும் முடியலாம்.

வரலாறு

இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய பழைய சரக்குந்துகளில் பெரும்பாலானவை இரு நிறுவனங்களின் தயாரிப்புகள் ஆகும்.

ரகுநந்தன் சரண் என்பவர் 1948 ஆம் ஆண்டு அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அமைந்த இதன் தொழிற்சாலையில் முதலில் ஆஸ்டின் மகிழுந்துகள் பூட்டப்பட்டன. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டு, காமெட் வகைச் சரக்குந்துகள் இங்கு உருவாகத் தொடங்கின. 1955 இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்டு என மாறியது.

டெல்கோ என்று அறியப்பட்ட டாட்டா நிறுவனம் 1954 இல் செருமனியின் டைம்லர்-பென்சு நிறுவனத்துடன் இணைந்து ஜம்சேத்பூரில் சரக்குந்துகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1969 இல் இந்த ஒப்பந்தம் முடிந்த பிறகு, டாட்டா தன் பெயரிலேயே தயாரிப்பைத் தொடர்ந்தது.

இவ்விரு நிறுவனங்களின் பழைய பொறிகளின் பெயர்களே அவற்றின் அளவைக் கூறிவிடுகின்றன. லேலண்டு பொறிகளின் 370, 400 ஆகிய எண்கள் உருளைகளின் மொத்தக் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிப்பவை. 400 கன அங்குலம் என்பது ஏறத்தாழ 6.5 லிட்டர். டாட்டாவின் 697 பொறியில் முதல் இலக்கம் உருளைகளின் எண்ணிக்கையையும் (6), அடுத்த இரு இலக்கங்கள் உருளையின் விட்டத்தையும் (97 மி.மீ.) குறிக்கின்றன. இதே முறையில் 497 என்பது நான்கு உருளைகள் கொண்ட பொறியாகும்.

அக்காலச் சரக்குந்துகளில் பல, பொறியும் முகப்பும் மட்டும் பொருத்தப்பட்ட அடிச்சட்டமாகவே விற்கப்பட்டன. ஓட்டுநர் அறையையும் சரக்குத் தொட்டியையும் நாமக்கல் போன்ற ஊர்களில் தச்சர்களும் கொல்லர்களும் மரத்தாலும் இரும்புத் தகட்டாலும் கட்டினர். இதனால் வண்டியைக் கட்டத் தெரிந்தவர்களே அதைப் பழுதுபார்க்கவும் தெரிந்தவர்களாக இருந்தனர்.

சென்னையின் மேற்குப் புறநகர்

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை பாடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல் வழியாக ஆவடி செல்கிறது. சரக்குந்தின் உறுப்புகளைத் தயாரித்த தொழிற்சாலைகள் பல இச்சாலையை ஒட்டியே எழுந்தன.

* வீல்ஸ் இந்தியா (1960, பாடி): சக்கர வளையங்கள்
* லூகாஸ் டிவிஎஸ் (1961, பாடி): தொடக்கி, மின்னாக்கி முதலிய மின்கருவிகள்
* பிரேக்ஸ் இந்தியா (1962, பாடி): நீர்ம அழுத்த பிரேக்குகள்
* சுந்தரம் கிளேட்டன் (1962, பாடி): காற்று பிரேக்குகளைத் தயாரித்து வந்தது
* ரானே பிரேக் லைனிங் (அம்பத்தூர்): பிரேக் உராய்வுப் பட்டைகள்

1959 இல் தொடங்கப்பட்ட டன்லப் டயர்த் தொழிற்சாலையும் அம்பத்தூரில் இருந்தது. அது இப்போது இயங்கவில்லை. 1964 இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. ஆவடியில் 1961 இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை இராணுவத் தகரிகளைச் செய்வதற்காக நிறுவப்பட்டது. பெரிய தொழிற்சாலைகளுக்கு உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் சிறு லேத்துப் பட்டறைகள் இவற்றைச் சுற்றிப் பெருகின. கடைசல், சாணை பிடித்தல், வெப்பப் பதமேற்றல் ஆகிய வேலைகளில் தேர்ந்தவர்கள் ஒரே வட்டாரத்தில் கிடைத்தது பழுதுபார்க்கும் தொழிலுக்கும் பயன்பட்டது.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள அண்ணனூரில் புறநகர் மின்தொடர்வண்டிகளைப் பராமரிக்கும் இருப்புப்பாதைப் பணிமனை உள்ளது. பராமரிப்பின் இரு வேறு முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். தொடர்வண்டிகள் பழுதானாலும் ஆகாவிட்டாலும் குறித்த கால இடைவெளியில் சோதிக்கப்படுகின்றன. இது தடுப்புப் பராமரிப்பு எனப்படும். சிறு உரிமையாளரின் சரக்குந்து பெரும்பாலும் பழுதான பிறகே பட்டறைக்கு வருகிறது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை இழப்பு என்பதே இதற்குக் காரணம். ஆனால் வழியில் நிகழும் முறிவு, முன்கூட்டியே செய்யும் சோதனையைவிடப் பல மடங்கு செலவு வைக்கிறது.

பழைய பொறிகளைப் புதுப்பிக்க முடிவதன் காரணம்

பழைய டீசல் சரக்குந்துகள், தேய்மானத்தை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டவை. ஒன்றோடொன்று உராயும் இரு பரப்புகளுக்கு இடையில், எளிதில் கழற்றி மாற்றக்கூடிய ஒரு மலிவான உறுப்பு வைக்கப்பட்டிருக்கும். உருளைக்கும் பிஸ்டனுக்கும் இடையில் உறை, சுழல்தண்டுக்கும் பொறிக்கட்டைக்கும் இடையில் தாங்கிச்சில்லு, பிரேக் முரசுக்கும் கட்டைக்கும் இடையில் உராய்வுப் பட்டை ஆகியவை இவ்வாறு அமைந்தவை. தேய்வது இந்த இடையுறுப்பே. விலை மிகுந்த முதன்மை உறுப்பு நெடுங்காலம் நிலைக்கும்.

இரண்டாவது காரணம், இவற்றில் மின்னணுக் கட்டுப்பாடு இல்லாமை. எரிபொருளின் அளவையும் நேரத்தையும் பற்சக்கரங்களும் சுருள்விற்களுமே தீர்மானிக்கின்றன. ஆகவே அளவுமானியும் அனுபவமும் கொண்டு பழுதைக் கண்டறிய இயலும்.

பொறி

பொறியின் நிலையை அதன் புகையைக் கொண்டு ஓரளவு அறியலாம்.

* கரும்புகை: எரிபொருள் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. அடைபட்ட காற்று வடிகட்டி, பழுதான நாசில் ஆகியவை பொதுவான காரணங்கள்.
* நீலப்புகை: மசகெண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ உருளை உறையோ தேய்ந்திருக்கலாம்.
* வெண்புகை: எரியாத டீசல், அல்லது உருளைக்குள் குளிர்நீர்க் கசிவு. குளிர்ந்த பொறியைத் தொடக்கும்போது சிறிது நேரம் தோன்றி மறைவது இயல்பு.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வேகமாக வெளிவருமாயின், எரிவளிமம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள். இந்நிலையில் பொறியை முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். பட்டறைகளில் இது 'இஞ்சின் வேலை' என்றே குறிப்பிடப்படுகிறது.

பிரித்த பொறியில் உருளையின் விட்டம் மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளக்கப்படும். பிஸ்டன் திரும்பும் மேல் எல்லையில், மசகு குறைந்தும் வெப்பம் மிகுந்தும் இருப்பதால், அங்கேயே தேய்மானம் அதிகமாகும். 'லைனர்' எனப்படும் உருளை உறை இருவகைப்படும். குளிர்நீர் நேரடியாகப் படுவது ஈர உறை. பொறிக்கட்டைக்குள் இறுக்கமாகச் செருகப்படுவது உலர் உறை. ஈர உறையை மாற்றும்போது அதன் இரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். இல்லையெனில் நீர் மசகெண்ணெயில் கலந்து தாங்கிச்சில்லுகளை அழித்துவிடும்.

'கிராங்கு' எனப்படும் சுழல்தண்டின் கழுத்துகள் நீள்வட்டமாகத் தேயும். அவற்றைச் சாணை பிடித்து வட்டமாக்கி, குறைந்த விட்டத்திற்கு ஏற்ற தடித்த சில்லுகள் பொருத்தப்படும். இக்குறைப்பு வழக்கமாக 0.25 மி.மீ. படிகளில் செய்யப்படுகிறது. தயாரிப்பாளர் குறித்த இறுதி அளவுக்குக் கீழே சாணை பிடிக்கக் கூடாது. கழுத்தின் ஓரத்திலுள்ள வளைவைச் சாணைக்கல் கூர்மையாக்கிவிட்டால், தகைவு அங்கே குவிந்து தண்டு முறியும்.

எரிபொருள் பம்பு, பொறியின் மிக நுட்பமான உறுப்பு. இதனுள் இருக்கும் உந்துதண்டுக்கும் அதன் குழலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மி.மீ.-இன் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. இவை ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்க்கப்பட்ட இணைகள். ஒன்றின் தண்டை மற்றொன்றின் குழலில் போட இயலாது. டீசலில் கலந்த நீரும் தூசியுமே இதன் பெரும் பகை. எனவே வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவது, பம்பைப் பழுதுபார்ப்பதைவிட மிக மலிவானது. பம்பைச் சோதனை மேடையில் ஓட்டி, எல்லா உருளைகளுக்கும் ஒரே அளவு டீசல் செல்லுமாறு சரிசெய்வர். பொதுப் பட்டறையினர் இவ்வேலையைத் தாமே செய்யாமல், அதற்கென உள்ள தனிப் பட்டறைகளுக்கு அனுப்புவது வழக்கம்.

பல்லிணைப்பெட்டியும் பின் அச்சும்

பல்லிணைப்பெட்டியில் முதலில் தேய்வன ஒத்தியக்க வளையங்களும் தாங்கிகளும் ஆகும். ஓடும்போது பல்லிணை தானாக விலகி நடுநிலைக்கு வருவது, இவற்றின் தேய்மானத்துக்கான முன்னறிவிப்பு.

பின் அச்சில் உள்ள பெரிய பற்சக்கரமும் சிறு பற்சக்கரமும் 'கிரவுன், பினியன்' எனப்படும். இவை தொழிற்சாலையிலேயே ஒன்றாக ஓட்டிச் சேர்க்கப்பட்டவை. ஒன்றில் பல் உடைந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பொருத்தும்போது பற்களில் வண்ணம் பூசிச் சுழற்றுவர். வண்ணத்தின் தடம் பல்லின் நடுவில் பதிந்தால் பொருத்தம் சரி. ஓரத்தில் பதிந்தால் இடைத்தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். இச்சோதனையைத் தவிர்த்துப் பூட்டிய அச்சு, இரைச்சலுடன் ஓடி விரைவில் மீண்டும் பழுதாகும்.

கமான்பட்டையும் அடிச்சட்டமும்

கமான்பட்டைகள் வெவ்வேறு நீளமுள்ள எஃகுப் பட்டைகளின் அடுக்கு ஆகும். சுமை ஏறும்போது பட்டைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி அதிர்வை உள்வாங்குகின்றன. பட்டைகளைப் பிணைக்கும் வளைதிருகாணிகள் தளர்ந்தால், நடுத்திருகாணி அறுந்து அச்சு இடம்பெயரும். ஆகவே புதிய பட்டை போட்ட வண்டி, சுமையுடன் சில நூறு கி.மீ. ஓடியபின் இத்திருகாணிகளை மீண்டும் இறுக்க வேண்டும். கமான்பட்டையைப் பற்றவைப்பது தவறு. பற்றவைப்பின் வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுப்பதால், பட்டை அதன் அருகிலேயே மீண்டும் முறியும்.

அடிச்சட்டமே வண்டியின் முதுகெலும்பு. மற்ற உறுப்புகள் அனைத்தையும் மாற்றலாம். அடிச்சட்டம் களைத்துவிட்டால் வண்டியின் ஆயுள் முடிந்தது எனக் கொள்ளலாம். மிகைச்சுமையால் கமான்பட்டை தாங்கிகளின் அருகிலும் குறுக்குச்சட்டங்களின் இணைப்பிலும் மயிரிழை விரிசல்கள் தோன்றுகின்றன. சேறும் வண்ணப்பூச்சும் அவற்றை மறைத்துவிடும். ஆகவே நீரால் கழுவி, துருக்கோடு தெரிகிறதா எனப் பார்க்க வேண்டும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளே வளைவுத் தகைவைப் பெரிதும் தாங்குவதால், அவற்றில் துளையிடுவதும் குறுக்காகப் பற்றவைப்பதும் கூடாது.

பிரேக்

பழைய சரக்குந்துப் பராமரிப்பில் சிறிதும் விட்டுக்கொடுக்க இயலாத பகுதி பிரேக் ஆகும். 16 டன் எடையுள்ள ஒரு சரக்குந்து 100 மீட்டர் உயரத்திலிருந்து மலைச்சாலையில் இறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1.57 கோடி ஜூல். இது 30 பாகை வெப்பமுள்ள 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பொறியின் இழுப்பு உதவாவிட்டால் இவ்வெப்பம் ஏறக்குறைய முழுவதும் பிரேக் முரசுகளில் சேரும். சூடேறிய முரசு விரிந்து கட்டையைவிட்டு விலகும். உராய்வுப் பட்டையின் பிடிப்பும் குறையும். ஓட்டுநர் மிதித்தாலும் வண்டி நிற்காத இந்நிலை பிரேக் மங்கல் எனப்படும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாயில் சரக்குந்துகள் கட்டுப்பாடிழந்து நேர்ந்த விபத்துகள் பல. டீசலை மிச்சப்படுத்த நடுநிலையில் இறக்கத்தில் ஓட்டுவது இவ்விபத்துகளுக்குக் கூறப்படும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ஏறும்போது எந்தப் பல்லிணை தேவைப்படுமோ அதிலேயே இறங்க வேண்டும் என்பது ஓட்டுநர்களிடையே வழங்கும் பழைய விதி.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை:

* காற்றுக்கலனின் அடியில் சேரும் நீரை நாள்தோறும் வடிக்க வேண்டும். நீர் தேங்கினால் காற்றுக்கான இடம் குறையும், அடைப்பிதழ்கள் துருப்பிடிக்கும்.
* உராய்வுப் பட்டை, அதைப் பிணைக்கும் தறையாணியின் தலையளவுக்குத் தேயுமுன் மாற்றப்பட வேண்டும். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.
* முரசைக் கடைந்து சமன்செய்யலாம். ஆனால் குறித்த பெரும விட்டத்தைத் தாண்டிய முரசைக் கழித்துவிட வேண்டும். மெலிந்த முரசு விரைவில் சூடேறி வெடிக்கும்.
* பழைய உராய்வுப் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. ஆகவே பிரேக் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாமல், ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.
* சுருள்வில் பிரேக் கலனுக்குள் வலிய வில் அழுத்தப்பட்டு அடைக்கப்பட்டிருக்கும். அதை உரிய கருவியின்றித் திறப்பது உயிருக்கு ஆபத்து.

டயர்

பழைய சரக்குந்துகளில் 9.00-20, 10.00-20 ஆகிய அளவுள்ள நைலான் டயர்கள் பரவலாகப் பயன்பட்டன. தேய்ந்த டயரின் உடற்பகுதி நன்றாக இருந்தால், அதன்மீது புதிய இரப்பர் பட்டையை ஒட்டி மீண்டும் பயன்படுத்தலாம். பக்கச்சுவரில் வெட்டோ வீக்கமோ உள்ள டயர் இதற்குத் தகுதியற்றது. முன் அச்சில் டயர் வெடித்தால் திசைக் கட்டுப்பாடு இழக்கப்படும் என்பதால், புதிய டயர்களை முன்னும், புதுப்பித்தவற்றைப் பின்னும் பொருத்துவதே வழக்கம்.

இவ்வகைச் சக்கரங்களில் டயரைப் பிடித்து நிறுத்துவது கழற்றக்கூடிய ஒரு பூட்டுவளையம். அது சரியாக அமராத நிலையில் காற்று நிரப்பினால், வளையம் தெறித்து எதிரே இருப்பவரைக் கொல்லக்கூடும். இரும்புக்கூண்டுக்குள் வைத்துக் காற்று நிரப்புவதே பாதுகாப்பான முறை.

உதிரி உறுப்புகளும் பொருளாதாரமும்

இந்தியாவில் சரக்குந்து உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஓரிரு வண்டிகள் மட்டும் வைத்திருப்போர். நெடுந்தொலைவுப் போக்குவரத்தில் தொடங்கும் ஒரு வண்டி, வயதேறிய பின் கைமாறி, செங்கல், மணல், தண்ணீர் ஆகியவற்றை உள்ளூரில் ஏற்றிச்செல்லும் வேலைக்கு வருகிறது. கடன் முடிந்த பழைய வண்டிக்கு மாதத் தவணை இல்லை. பராமரிப்புச் செலவே உண்டு. அச்செலவு தவணையைவிடக் குறைவாக இருக்கும்வரை அதை வைத்திருப்பது உரிமையாளருக்கு ஆதாயம்.

உதிரி உறுப்புகள் மூன்று வழிகளில் கிடைக்கின்றன: வண்டித் தயாரிப்பாளரின் முகவர்கள், பிற நிறுவனங்கள் செய்யும் ஒத்த உறுப்புகள், உடைக்கப்பட்ட வண்டிகளிலிருந்து எடுக்கப்படும் பழைய உறுப்புகள். மூன்றாவது வகைக்குச் சென்னையில் புதுப்பேட்டை பெயர்பெற்றது. பல்லிணைப்பெட்டியின் கூடு, பொறிக்கட்டை போன்றவற்றைச் சோதித்துப் பழையதாக வாங்கலாம். பிரேக் அடைப்பிதழ்கள், திசைதிருப்பி இணைப்புகள் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது தவிர்க்கப்பட வேண்டும்; இவற்றின் களைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி வணிக ஊர்திகள் அனைத்தும் தகுதிச்சான்று பெற்றிருக்க வேண்டும். இது வழக்கில் 'எஃப்.சி.' எனப்படும். 2018 இல் திருத்தப்பட்ட விதிகளின்படி எட்டு ஆண்டு வரையுள்ள வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும் சோதனை நடைபெறுகிறது. பழைய சரக்குந்துகளின் பெரும்பாலான பழுதுவேலைகள் இச்சோதனைக்கு முந்தைய வாரங்களிலேயே செய்யப்படுகின்றன.

2021 இல் நடுவண் அரசு ஊர்தி அழிப்புக் கொள்கையை அறிவித்தது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டைக் கடந்த வணிக ஊர்திகளின் தகுதிச்சான்றுக் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டைக் கடந்த அரசு ஊர்திகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. பழைய பொறிகளின் புகை காற்றை மாசுபடுத்துகிறது என்பது இக்கொள்கைக்கு ஆதரவான வாதம். நன்கு பராமரிக்கப்பட்ட வண்டியை வயதை மட்டும் கொண்டு ஒதுக்குவது சிறு உரிமையாளரைப் பாதிக்கும் என்பது எதிர்வாதம்.

ஆத்திரேலியாவில்

லேலண்டின் காமெட், பீவர் ஆகிய சரக்குந்துகள் 1950, 1960களில் ஆத்திரேலியாவிலும் பரவலாக ஓடின. அங்கு பட்டறைகள் நூற்றுக்கணக்கான கி.மீ. இடைவெளியில் இருந்ததால், ஓட்டுநரே பழுதுபார்ப்பவராகவும் இருக்க வேண்டியிருந்தது. இன்று அத்தகைய வண்டிகளைப் புதுப்பிப்பது அந்நாட்டில் பெரும்பாலும் ஆர்வலர்களின் பொழுதுபோக்காகும். அவற்றைக் குறைந்த பயன்பாட்டுக்கு மட்டும் பதிவு செய்ய மாநிலங்கள் இசைவளிக்கின்றன. அலிஸ் ஸ்பிரிங்சு நகரில் பழைய சரக்குந்துகளுக்கான அருங்காட்சியகமும் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது பிழைப்புக்கான தொழில் என்பதே முதன்மையான வேறுபாடு.

தொழிலின் மாற்றம்

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் நிலை 6 சரக்குந்துகளில் மின்னணுக் கட்டுப்பாட்டகம், துகள் வடிகட்டி, யூரியாக் கரைசல் தெளிப்பு ஆகியவை உள்ளன. இவற்றின் பழுதைக் கண்டறியக் கணினிக்கருவி தேவை. செவியும் கையும் கொண்டு பழகிய தொழிலாளர்களின் அறிவு இவற்றுக்கு மட்டும் போதுமானதன்று. தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பாடப்பிரிவு உள்ளது. எனினும் பழைய வண்டிகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் பட்டறையில் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு வாய்மொழியாகவே செல்கிறது. பிரேக் முரசின் எல்லை அளவு, சுழல்தண்டின் கடைசிப் படி, திருகாணியின் முறுக்கு அளவு போன்றவை எழுத்தில் இல்லாத பட்டறையில், அவை மதிப்பீட்டுக்கே விடப்படுகின்றன. தயாரிப்பாளரின் அளவு அட்டவணையைத் தமிழில் பட்டறைச் சுவரில் ஒட்டிவைப்பது, பெரும் செலவின்றி இக்குறையைத் தீர்க்கக்கூடிய எளிய வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* அசோக் லேலண்டு
* அம்பத்தூர் தொழிற்பேட்டை
* டீசல் பொறி
* தொப்பூர் கணவாய்
* நாமக்கல்